பதினாறு என்றாய், பன்னிரண்டுதான் வந்தது

இன்று காலையும் அந்த வெறும் பெட்டியைத் திறந்து முகர்ந்தேன். புதுப் பொலித்தீனும் இன்னும் சூடு காணாத உலோகமும் கலந்த மணம். உனக்குப் பிடித்த மணம். நகரத்துக் கொம்பியூட்டர்க் கடைக்குப் போனால் நீ கிராபிக்ஸ் காட் வாங்க மாட்டாய். பெட்டியைத் திறக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாய். கடைக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

காட் புதன்கிழமை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. கொம்பியூட்டருக்குள் நானே பூட்டினேன். வெளிச்சம் பிடிக்க ஆள் இல்லாததால் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆணி முறுக்கினேன். பிறகு பெட்டியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெமறி பன்னிரண்டு ஜீபி என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நீ பதினாறு என்றாய். சும்மா சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கையில் ஏற்றியிருந்த ஊசியையும் மறந்து, விரல் மடக்கிக் காரணம் காட்டிச் சொன்னாய். உன் கணிப்புப் பிழையாகிப்போன செய்தி எப்போதோ வெளிவந்துவிட்டது. இருந்தும் அட்டையில் அந்த எண்ணைக் கண்டபோதுதான், இதை யாரிடம் சொல்வது என்று தோன்றியது. ஒருவரும் இல்லை. ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

படவரைஞர் வகுப்பில் நாம் இரண்டு பெண்களும் ஒரே மேசை. வகுப்பு முடிந்தபின் பல வருடம் வேறு வேறு கந்தோர்களில் கோடு கீறினோம். உதவி நிறுவனங்கள் வீடு கட்டிக்கொடுத்த காலம் முடிந்து, அவர்கள் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போனதும் இரண்டு பேருக்கும் வேலையில்லாமல் போனது. மட்டக்களப்புக் கல்லடியில் பாலத்துக்குக் கிட்ட, வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டை, அத்திவாரம் வெட்டுமுன்பே படமாகப் பார்க்க விரும்பினார்கள். சுவருக்கு நிறம், முற்றத்தில் ஒரு செவ்விளநீர் மரம், வாசற்படியில் காலை வெயில் எல்லாம் இருக்க வேண்டும். அப்படிக் கீறிக் கொடுப்பது நம் தொழிலாயிற்று.

நல்ல கொம்பியூட்டர் ஒன்றுதான் இருந்தது. காலையில் நீ, பின்னேரம் நான். கோடுகளை நிஜ வீடாக்கும் வேலையை, வெயில் எங்கே விழும், நிழல் எங்கே சாயும், கண்ணாடியில் என்ன தெரியும் என்று கணக்குப் பார்ப்பதை, அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் காட்தான் செய்யும். நம்மிடம் இருந்ததோ கிழடு. ஒரு முகப்புப் படத்துக்கு ஐந்து மணித்தியாலம் எடுக்கும். அது ஓடி முடியும்வரை அந்த மெசினில் வேறு எதையும் தொட முடியாது. நீ நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு போனைத் திறப்பாய்.

உலகத்தில் எங்கோ ஓர் ஊரில், இன்னும் வெளிவராத ஒரு சிப்பைப் பற்றி யாரோ ஒரு வரி எழுதியிருப்பார். கப்பலில் போன பொதிகளின் பட்டியலில் புதிதாக ஓர் எண் தெரிகிறது என்பார் இன்னொருவர். பெட்டியின் படம் இதுதான் என்று ஒன்றை மூன்றாமவர் போடுவார். அத்தனையையும் எனக்கு வாசித்துக் காட்டுவாய். சிப் செய்யும் இரண்டு கம்பனிகளின் பெயரை நாம் சொல்வதில்லை. ஒன்று பச்சைக்காரர், மற்றது சிவப்புக்காரர். பக்கத்து வளவில் இருக்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவாய். பச்சைக்காரருக்கு இப்போது ஏஐக்காரரோடு பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்துவிட்டது, இனி நம்மைப் போன்றவர்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பாய். சிவப்புக்காரர் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றையும் நேரத்துக்குச் செய்யத் தெரியாது என்பாய். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டிருப்பேன்.

பழைய சிப்புக்கே புதுப்பெயர் வைத்து விற்கும்போதுதான் உனக்குக் கோபம் வரும். “மூடி வச்ச ரெண்டு அறையத் திறந்துபோட்டு, புது வீடு எண்டு விக்கிறானுகள்” என்று ஒருநாள் சொன்னாய். நம் தொழில் பாஷையில் சொன்னபடியால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எந்தச் செய்தி வந்தாலும் உன் முதல் கேள்வி ஒன்றுதான். இவன் கண்டதா, கேட்டதா? கண்டவன் என்றால் எங்கே நின்று கண்டான். கேட்டவன் என்றால் யாரிடம் கேட்டான். படம் போட்டிருந்தால் அதைப் பெருப்பித்து எழுத்துகளின் விளிம்பைப் பார்ப்பாய். மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால், மூவரும் ஒரே ஆளிடம் கேட்டிருப்பார்கள், ஆகையால் அது ஒரு கதைதான் என்பாய். பெரும்பாலும் உனக்குச் சரிவரும். வராத நாளில் ஒரு மணித்தியாலம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மாரி மழை. வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. பாலத்தில் போகும் வாகனங்களின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நீ போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாய். கரடியனாற்றில் நீ வளர்ந்த காலம் முழுக்க வதந்திதானாம். விடிந்தால் சுற்றிவளைப்பாம், இன்றைக்கு ஷெல் அடிக்கப்போகிறார்களாம், றோட்டுத் திறந்தாச்சாம் என்று யாராவது ஓடிவருவார்களாம். உன் அம்மா ஒழுங்கையில் இறங்கி அவர்களை மறித்து, நீ கண்டயா, கேட்டயா என்று கேட்பாராம். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் அடுப்பை மூட்டுவதா, உடுப்பைக் கட்டுவதா என்று முடிவெடுப்பாராம். ஒரேயொரு முறை, அம்மா வீட்டில் இல்லாத நேரம் ஒரு கதை வந்தது. வயல்வட்டைப் பக்கம் அமைதியாகிவிட்டது, மாடுகளைப் போய்ப் பார்க்கலாம் என்று. உன் அண்ணன் போனான். திரும்பி வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நீ சாரல் அடித்த சன்னலைச் சாத்தினாய். பிறகு சொன்னாய்:

“எங்கட ஆக்கள் கதைக்கிறதெல்லாம் முடிஞ்சுபோன கதை. ஆர் செத்த, எது போன, அதுதான். வரப்போறதக் கதைச்சாப் பயம். இது ஒண்டுதான்கா வரப்போறதப் பயமில்லாமக் கதைக்கலாம். பொய்யாப் போனாலும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது.”

திரையில் யாரோ ஒருவரின் வீடு பாதிவரை துலங்கியிருந்தது. கூரையின் மேற்பாகம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. நீ மறுபடி போனை எடுத்து, சிவப்புக்காரரின் செய்தியைத் தொடர்ந்து வாசித்தாய்.

ஆனால் அந்தப் பழக்கமே நம் தொழிலுக்குக் குறுக்கேயும் நின்றது. புதுக் காட் வாங்குவதென்று முடிவெடுத்து மூன்று வருடமாகியும் நாம் வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும், “ஒள்ளுப்பம் பொறு” என்பாய். இப்போது வாங்கினால் மூன்று மாதத்தில் நல்லது வரும், ஏமாந்துபோவோம். அது வந்ததும், இதன் குறைகளைத் திருத்தி இன்னொன்று வரப்போகிறது, அதுவரை பொறு. அதற்குள் வெளிச்சாமான்கள் நாட்டுக்குள் வராமல் நின்ற காலம் வந்தது. மின்வெட்டு, பெற்றோல் வரிசை. நாலு மணித்தியாலம் ஓடிய வேலை, கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கும். அப்போதும் நீ சலிக்கவில்லை. எதையும் வாங்க முடியாத அந்த மாதங்களில்கூட, எதை வாங்கலாம் என்று கதைத்துக்கொண்டுதான் இருந்தாய்.

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. ஆரையம்பதியில் வீடு கட்டத் தொடங்கிய ஒரு பெண் லண்டனில் இருந்து கேட்டார். அசையாத படம் வேண்டாம், வீட்டுக்குள் நடந்து போவதுபோல் ஓட வேண்டும், வாசலில் இருந்து குசினிவரைக்கும். தாய்க்குக் காட்டவேண்டும், அவருக்கு வயது போய்விட்டது என்றார். நான் ஒத்துக்கொண்டேன். நம் மெசின் இரண்டு நாள் ஓடி, நடு விறாந்தையில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் விறாந்தையில் நின்றது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் கோபிக்கவில்லை. வேலையைக் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கும் நீ ஆவணியில் வரவிருந்த சிப்பைப் பற்றி வாசித்தாய். நான் கேட்பதுபோல் இருந்தேனே தவிர ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

நீ வேளாண்மை வெட்டுக்கு ஊருக்குப் போயிருந்த கிழமையில், நான் ஒரு பழைய காட்டை வாங்கிப் பூட்டினேன். கொழும்பில் முகம் தெரியாத ஒருவரிடம், போனில் படம் பார்த்து, பேசி முடித்தது. உன்னிடம் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தேன். முகப்புப் படம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. நீ வந்து பார்த்து வாயடைத்துப் போவாய் என்று எதிர்பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை நீ படியேறி வந்தாய். கையில் அம்மா கொடுத்துவிட்ட புது அரிசிப் பை. அதைக் கீழே வைக்கக்கூட இல்லை, விசிறிச் சத்தம் மாறியிருப்பது உனக்குக் கேட்டுவிட்டது. மூடியைக் கழற்றினாய். விரலால் விசிறியைத் தடவி, அந்த விரலை முகர்ந்தாய்.

“இது கிரிப்டோக் காசு தோண்ட இரவு பகலா ஓட்டின காட். ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது. ஆரக் கேட்டு வாங்கின?”

நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவிருக்கிறது.

“உன்னக் கேட்டா நான் செத்தாப் பிறகுதான் வாங்கலாம்.”

நீ மூடியை எடுத்துப் பொருத்தினாய். நாலு ஆணியையும் ஒவ்வொன்றாக முறுக்கினாய். உன் கீறும் பலகையையும் அதன் பேனாவையும் எடுத்துத் தோள்பையில் வைத்தாய். அரிசிப் பையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப்போனாய். போயித்து வாறன் என்று சொல்லாமல் நீ அந்தப் படியை இறங்கியது அன்று மட்டும்தான்.

அந்தக் காட் ஏழு கிழமை நன்றாக ஓடியது. பிறகு ஒரு பின்னேரம், கச்சான் காற்று அறைக்குள் நெருப்பாக வீசிக்கொண்டிருந்தபோது, திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. கருகல் நாற்றம் வந்தது. கழற்றிவிட்டுப் பழைய கிழட்டுக் காட்டையே மறுபடி பூட்டினேன். உனக்குச் சொல்லவில்லை. நீ சொன்னது சரி என்று உன்னிடமே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நீயும் எனக்குப் போன் எடுக்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ ஊரில் இருந்தபடி, பழைய மடிக்கணினியில் சின்னச் சின்ன வரைபடங்கள் செய்து கொடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

ஒருநாள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில், உன்னைப் போல ஒருத்தியைத் தூரத்தில் கண்டேன். மெலிந்து, கையில் ஒரு கோப்புடன் நின்றாள். இது நீயாக இருக்காது என்று திரும்பிக்கொண்டேன். அது நீதான். கிளினிக்குக்கு வந்துவிட்டு ஊர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாய். பிறகு நீயே சொன்னாய். நீயும் என்னைக் கண்டிருந்தாய்.

நீ இறங்கிப்போன ஐந்தாம் மாதம் உன் அம்மா எனக்குப் போன் எடுத்தார். “பிள்ள வாட்டில இரிக்கா. நீங்க ஒருக்கா வந்தா நல்லம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி போகும்வரை, மன்னிப்புக் கேட்பதற்கான வசனங்களை மனதுக்குள் கட்டிக்கொண்டே போனேன். பெண்கள் வாட்டில் கடைசிக் கட்டில். நீ தலையணையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய். மணிக்கட்டு எலும்பு இரண்டு பக்கமும் புடைத்துத் தெரிந்தது. நான் கட்டிலடியில் போய் நின்றதும் கண்ணை உயர்த்தினாய்.

“புதுப் பேர் வந்திட்டு. பாத்தயா?”

இல்லை என்றேன்.

“பாக்காத. அதே சிப்தான்.”

“என்ட காட் எரிஞ்சு போச்சு.”

“எத்தின கிழமையில?”

“ஏழு.”

“நான் எட்டு நினைச்சன்.”

அவ்வளவுதான் நம் சமாதானம். கட்டிக்கொண்டு போன வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நீ கால்களை மடக்கி இடம் விட்டாய். நான் கட்டிலில் இருந்தேன்.

வயிற்றில் கட்டி என்று அம்மா வெளியே வைத்துச் சொன்னார். தெரிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதாவது, நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் பாதிக்கு மேல்.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பார்வையாளர் நேரத்துக்கு வந்தேன். நீ எனக்காகச் செய்திகளைச் சேர்த்து வைத்திருப்பாய். அடுத்த கட்டிலில் வாகரையில் இருந்து வந்த ஓர் அக்கா இருந்தார், கடற்தொழில் செய்யும் குடும்பம். முதல் இரண்டு நாள் நம்மை வினோதமாகப் பார்த்தார். மூன்றாம் நாள், இன்றைக்குப் பச்சைக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று அவரே கேட்டார். அது வந்தால் நமக்கென்ன கிடைக்கும் என்றும் கேட்டார். வீட்டைக் கட்டாமலே வீட்டுக்குள் நடக்கலாம் அக்கா என்றாய். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அது நல்லம்தான் என்றார்.

ஒரு பின்னேரம் நான் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நீ சுகமாகி அறைக்கு வந்தபிறகு, அடுத்ததை இருவருமாகப் போய் வாங்குவோம் என்று. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

“எனக்குப் பொய் சொல்லாதகா. காட்டப் பத்தியெண்டா எவ்வளவு பொய்யும் சொல்லு, கேக்கிறன்.”

நான் தலை குனிந்துகொண்டேன். அப்போதுதான் நீ எழுந்து உட்கார்ந்தாய். அடுத்த தலைமுறைச் சிப்பைப் பற்றி உன் முழுக் கணிப்பையும் சொன்னாய். மெமறி பதினாறு, அதில் சந்தேகமே வேண்டாம். ஏனென்றால் முந்தியதில் பன்னிரண்டு வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், மறுபடி வைக்க அவர்களுக்கு முகம் இருக்காது. கரண்ட் குறைவாக எடுக்கும். தீபாவளிக்கு முதல் வரும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினாய். நீ பார்க்கப் போவதில்லை என்று உனக்குத் தெரிந்த ஒன்றை, நாளைக்குக் கடைக்குப் போய் வாங்குபவள்போல் அவ்வளவு கவனமாக எடைபோட்டாய். தாதி வந்து ஊசி கழன்றுவிடும் என்று உன்னைப் படுக்க வைத்தார்.

இன்னொரு நாள், வாகரை அக்கா தூங்கிய நேரம், நீ அறையை விட்டுப் போன அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். மறந்திட்டன் என்று வெட்டினாய். சன்னலுக்கு வெளியே காகங்கள் சத்தமிட்டன. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னாய்:

“ஐஞ்சு மாசம் வரப்போறதக் கதைக்க எனக்கு ஒருத்தரும் இல்ல. அதுதான் கஷ்டமாப் போச்சு.”

நோயைப் பற்றி நீ எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்து, எல்லாரையும் வெளியே போகச் சொல்லும்வரை.

பிறகு நீ கதைப்பது குறைந்தது. நான் வாசித்தேன், நீ கேட்டாய். கடைசிக் கிழமையில் உன்னிடம் இருந்து வந்தது ஒரு விரல் அசைவு மட்டும்தான். நம்பலாம் என்றால் உயரும், பொய் என்றால் பக்கவாட்டில் ஆடும். ஒரு விடியற்காலையில் அம்மா பக்கத்தில் இருக்க நீ போய்விட்டாய். நான் போனபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. வாகரை அக்கா என் கையைப் பிடித்து இருத்தி, தன் போத்தலில் இருந்து தண்ணீர் தந்தார்.

கரடியனாற்றில் எட்டாம் நாள் காரியம் முடிந்து சனம் கலைந்தபிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் உன் அம்மா என்னிடம் வந்தார். கேட்பதா விடுவதா என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது.

“பிள்ள, வரப்போகுது வரப்போகுது எண்டு போனில உங்களோட சொல்லிச் சிரிப்பாள். ஆரோ மாப்பிள்ளை எண்டு நினைச்சு நான் கேக்காம இரிந்தன். அது ஆரு?”

நாற்பது வயது மகளின் போன் பேச்சை, வருடக்கணக்காக அப்படி நினைத்து அவர் காத்திருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அது ஓர் ஆள் இல்லை அம்மா, ஒரு சாமான், எங்கள் வேலைக்குத் தேவையான சாமான் என்றேன். வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவர் ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, அப்படியா என்றார். ஏமாற்றமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வந்துவிட்டது. கணக்கைச் சொல்கிறேன், கேள். மெமறியில் உனக்குப் பிழை. மறுபடியும் பன்னிரண்டு வைக்க அவர்களுக்கு நன்றாகவே முகம் இருந்தது. தீபாவளியும் பிழை. இந்த ஊருக்கு வந்து சேர அதற்குப் பிறகும் பல மாதம் பிடித்தது. கரண்ட் விசயத்தில் உனக்குச் சரி. சூடும் அவ்வளவாக இல்லை. கச்சான் காலத்திலும் தாங்கும் என்று நினைக்கிறேன்.

பூட்டியதும் ஒரு முகப்புப் படத்தை ஓட்டினேன். களுவாஞ்சிக்குடியில் கட்டப்போகும் ஒரு மாடிவீடு. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன், படம் முடிந்திருந்தது. வெயில், நிழல், கண்ணாடியில் தெரியும் தென்னோலை, எல்லாம். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அந்தச் சன்னலோர நாற்காலியில் போய் இருந்தேன். செய்ய ஒன்றுமில்லை. நம் பேச்செல்லாம் அந்த ஐந்து மணித்தியாலங்களுக்குள்தான் நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெசின் மெதுவாக இருந்தபடியால்தான் நாம் அவ்வளவு கதைத்தோம். இந்தக் காட் முன்பே வந்திருந்தால், மழை நாளில் உன் அண்ணனைப் பற்றி நீ சொல்லத் தொடங்குமுன் படம் முடிந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்க ஆளில்லை. கடைக்காரர் நல்லவர், ஆனால் எத்தனை துண்டு வந்தது, எத்தனை விற்றது என்பதற்கு மேல் அவருக்குக் கதை இல்லை. நீ வாசிக்கும் இடங்களுக்கு நானும் போய்ப் பார்த்தேன். ஆயிரம் பேர் சண்டை பிடிக்கிறார்கள். ஒருநாள் நானும் இரண்டு வரி எழுதினேன். அனுப்பவில்லை. அங்கே ஒருவருக்கும் உன்னைத் தெரியாது. சில பின்னேரங்களில் பாலத்தில் போய் நின்று, வாவியில் தோணிகள் போவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அறைக்குத் திரும்பினால் கதவைத் திறக்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கரடியனாற்றுக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு மட்டும் போய், நடந்ததையே இருவரும் திரும்பக் கதைத்து அழுவோம் என்ற பயத்தில் தள்ளிப்போட்டு வந்தேன். அம்மா சுளகில் பொன்னாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடம் காட்டி இருக்கச் சொன்னார். நானும் ஒரு பிடியை எடுத்து ஆய்ந்தேன். சுகம் விசாரித்து முடிந்ததும், அந்தச் சாமான் வந்ததா என்று கேட்டார். வந்துவிட்டது அம்மா, புதன்கிழமை வந்தது என்றேன். அவர் கீரைத் தண்டை முறித்துக்கொண்டே கேட்டார்:

“மறுகா?”

மறுகா என்ன, வந்ததற்கு அடுத்தது என்ன? கையில் இருந்த தண்டைச் சுளகில் போட்டேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். இதே சிப்பைக் கொஞ்சம் திருத்தி இன்னொன்று வரப்போகிறது என்று ஒரு கதை உலாவுகிறது. மெமறியைக் கூட்டப்போகிறார்களாம். சிவப்புக்காரர் அதற்கு முன் முந்திக்கொள்ளப் பார்க்கிறார்களாம். யார் பச்சை, யார் சிவப்பு என்று விளக்கினேன். பெரிய இடத்துச் சம்பந்தத்தையும் சொன்னேன். அவர் அதை நன்றாக ரசித்தார். சுளகு நிறைந்து, கீரை ஆய்ந்து முடிந்து, வெயில் கூரையைத் தாண்டும்வரை கதைத்திருக்கிறேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து கதைத்து எத்தனை மாதமாயிற்று என்று எனக்கே தெரியாது.

எப்போது வரும் என்று கேட்டார்.

“தைக்கு வரும் எண்டு சொல்லுறாங்க அம்மா. நான் நம்பல்ல. சித்திரை கழியத்தான் வரும்.”

சொல்லிமுடித்த பிறகுதான் கவனித்தேன், அது நீ சொன்னதல்ல. எங்கேயும் வாசித்ததும் அல்ல. நானாகக் கூட்டிக் கழித்துப் பார்த்து வந்த முடிவு. பிழையாகவும் போகலாம்.

அம்மா கீரையை அள்ளிச் சட்டியில் போட்டார்.

“அப்ப சித்திரை கழிய வந்து சொல்லு, பிள்ள. நான் இரிப்பன்.”

செங்கலடிக்குப் போகும் பஸ் சந்தியில் நின்றது. ஓடிப்போய் ஏறினேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. நாட்காட்டியில் எனக்கென்று ஒரு நாள் குறித்து வைத்து வெகுகாலம். இப்போது ஒன்று இருக்கிறது. சித்திரை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கரடியனாற்றுச் சந்தியில் இறங்க வேண்டும். அங்கே ஒருவர் செய்தி கேட்கக் காத்திருப்பார்.